வேலூர் வெயிலில் ஒரு பவளத் தொட்டி: அளவும் கருவிகளும் முடிவான விதம்

வீட்டில் உப்புநீர்ப் பவளத் தொட்டி ஒன்றை அமைப்பதற்கு முன், மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் நான் செய்த ஒரே வேலை, இரண்டு வெப்பமானிகளைப் பார்த்துப் பள்ளி நோட்டு ஒன்றில் எண்களைக் குறித்து வந்ததுதான். ஒன்று கொசப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கீழ்த்தளக் கூடத்தின் சுவரில் தொங்கியது. மற்றொன்று அதே கூடத்தில் 40 லிட்டர் நீர் நிரப்பி வைத்த பிளாஸ்டிக் டப்பில் மிதந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கூடம் 37 டிகிரி செல்சியஸ் காட்டிய நாள்களில், சும்மா விட்ட நீர் 33 டிகிரியில் நின்றது. சிறிய மேசை விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்தபோது 28.5 வரை இறங்கியது. விசிறி ஓடிய நாள்களில் டப்பில் நாளொன்றுக்கு 2 லிட்டர் நீர் குறைந்தது.

பவள உயிரிகளுக்கு நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 30 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நீடித்தால், தம் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளை அவை இழந்து வெளிறத் தொடங்கும். கடலில் நடப்பதும் இதுவே. சென்னையின் புழுக்கத்தைவிட நம் ஊரின் வறண்ட வெயிலில் விசிறி நன்றாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்று உலர்ந்திருந்தால் ஆவியாதல் கூடும். ஆனால் 28.5 என்பது 26 ஆகிவிடாது. மேலும், டப்பின் பரப்பைப்போல் நான்கு மடங்கு பரப்புள்ள தொட்டிக்கு அந்தக் கணக்கைப் பெருக்கினால், ஒவ்வொரு நாளும் 8 லிட்டர் சுத்திகரித்த நீரை ஊற்றியாக வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், இரண்டு நாள் திருப்பத்தூருக்குத் திருமணத்திற்குப் போய்த் திரும்பினால் நீரின் உப்பளவு ஆயிரத்துக்கு 35இலிருந்து 37க்கு ஏறியிருக்கும்.

ஆகவே நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் இல்லாமல் ஆகாது என்பது முதலில் முடிவானது. தொட்டியின் அளவு அதற்குப் பின்னர்தான் வந்தது. பெரும்பாலோர் சுவரின் நீளத்தைப் பார்த்துத் தொட்டி வாங்கி, அதற்கேற்பக் கருவிகளைத் தேடுகிறார்கள்; நானும் பத்து ஆண்டுகளுக்கு முன் நன்னீர் மீன் வளர்த்தபோது அப்படித்தான் செய்தேன். உப்புநீரில், அதுவும் இந்த ஊரில், அந்த வரிசை செலவில் இழுத்துவிடும்.

என் முதல் திட்டம் 48 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 24 அங்குல உயரம். வெளியளவில் 340 லிட்டர். கீழே கருவிகளுக்காக வைக்கும் துணைத் தொட்டியான சம்பையும் சேர்த்தால் 400 லிட்டரை நெருங்கும். கண்ணாடிக் கடையில் இருந்த பாய் அதற்கு உடனே ஒப்புக்கொண்டார். "ஒயரமா போட்டாத்தான் சார் பார்வையா இருக்கும்" என்றார். பார்வையாக இருக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் உயரம் கூடக் கூடக் கண்ணாடியின் மீதான அழுத்தம் கூடும், கண்ணாடி தடிக்க வேண்டும், அடியில் உள்ள உயிரிகளுக்கு ஒளியை எட்டவைக்க விளக்கின் வலிமையும் கூட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என் கை அக்குளிலிருந்து விரல் நுனி வரை 25 அங்குலம். ஸ்டாண்டின் மேல் நிற்கும் 24 அங்குலத் தொட்டியின் மூலையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு கல்லை நிமிர்த்த, நான் முக்காலியில் ஏறித் தோள் வரை நனைய வேண்டும். 18 அங்குல அகலத்தில் பாறைகளைச் சுவர்போல் அடுக்கத்தான் முடியும்; பின்புறம் நீரோட்டம் இன்றிக் கழிவு தங்கும்.

எதிர்த்திசையிலும் ஓர் எல்லை உண்டு. இரண்டடி நீளச் சிறு தொட்டி ஒன்றில் 80 லிட்டர்தான் இருக்கும். அதை ஒரு டிகிரி சூடாக்க 0.1 யூனிட்டுக்கும் குறைவான வெப்பமே போதும். மதியம் மின்சாரம் போய் இரண்டு மணி நேரத்தில் அது நடந்துவிடும். நீர் அதிகமாக இருப்பதே ஒரு காப்பு. எனவே மின்தடையைத் தாங்குமளவு பெரியதாகவும், ஒரு கால் எச்.பி. சில்லர் மே மாதத்தில் மூச்சு வாங்காமல் சமாளிக்குமளவு சிறியதாகவும் இருக்கும் ஓர் அளவைத் தேடினேன். 36 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 20 அங்குல உயரம் என்பதில் நின்றது. வெளியளவு 283 லிட்டர். கண்ணாடியின் தடிப்பு, மேலே விடும் இடைவெளி, பாறை ஆகியவற்றைக் கழித்தால் உள்ளே 230 லிட்டருக்குச் சற்று மேல். சம்பில் ஓடும் நீரையும் சேர்த்து மொத்தம் 290 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

வெப்பக் கணக்கை நோட்டில் இப்படிப் போட்டேன். கூடம் 36, நீர் 26 என்றால் 10 டிகிரி வேறுபாடு. கண்ணாடியும் நீர்ப்பரப்பும் சேர்ந்த இரண்டரை சதுர மீட்டர் வழியாக ஏறத்தாழ 150 வாட் வெப்பம் உள்ளே நுழையும். பம்புகள் தின்னும் மின்சாரம் பெரும்பாலும் வெப்பமாக நீரிலேயே சேரும், அது 70 வாட். விளக்கிலிருந்து 60. ஆக 280 வாட். பத்தில் ஒரு எச்.பி. சில்லரின் குளிரூட்டும் திறன் இதற்குக் கீழே இருந்ததால், அது நாள் முழுவதும் நிற்காமல் ஓடியும் தோற்கும். கால் எச்.பி. என்றால் உச்சி வெயிலிலும் பாதி நேரம் ஓய்வெடுக்கும். விலை வேறுபாட்டைப் பார்த்துச் சிறியதை வாங்கத் தோன்றியது உண்மை, நோட்டுதான் தடுத்தது.

இடம் எங்கே என்பதில் வீட்டில் சிறு விவாதம் நடந்தது. மாடி அறையில் ஏசி இருக்கிறது, அங்கேயே வைத்தால் சில்லரே வேண்டாமே என்பது மகனின் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் மாடி தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது. தொட்டியின் 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 60 கிலோவுக்கு மேல். நீர், சம்ப், பாறை, மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து அரை டன்னை எட்டும். ஆறு சதுர அடியில் அரை டன்னை அந்த உத்தரங்களின் மேல் ஏற்ற எனக்குத் துணிவில்லை. கீழ்த்தளக் கூடம், மண்ணின் மேல் போட்ட பழைய சிவப்பு ரெட்ஆக்சைடு தரை, நேரடி வெயில் படாத கிழக்குச் சுவர், பின்புறம் சந்து. அதுவே பொருத்தம்.

சந்து இருந்தது பெரிய வசதி. சில்லர் என்பது நீரின் வெப்பத்தை எடுத்துத் தன் பின்புறக் காற்றில் கொட்டும் பெட்டி. அதைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் அடைத்து வைத்தால், எடுத்த வெப்பத்தைத் திரும்பத் தொட்டிக்கே கொடுக்கும். சுவரில் இரண்டு அங்குலத் துளை போட்டு, குழாய்களை வெளியே கொண்டுபோய், சந்தில் நிழலான திண்ணையில் சில்லரை வைத்தேன். குழாய்களின் மேல் ஏசி மெக்கானிக்குகள் சுற்றும் கருப்பு ரப்பர் நுரையைச் சுற்றினேன். அதைச் சுற்றாவிட்டால் சந்தின் வெப்பம் குழாய் வழியே நீரில் ஏறும்.

ஸ்டாண்டு ஆரணி சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரண்டு அங்குல ஸ்கொயர் பைப்பில் செய்தது. ரெட்ஆக்சைடு பிரைமரோடு விட்டுவிடாமல், எபாக்ஸி பெயின்ட் இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். உப்புநீர் துளித் துளியாகத் தெறித்துக் காய்ந்து படியும் இடத்தில் சாதாரண பெயின்ட் ஓராண்டில் உரியும். கால்களில் திருகி உயர்த்தும் போல்ட் வைத்தது நல்லதாயிற்று. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது தரை ஜலதாரைப் பக்கம் மூன்றடிக்கு 6 மில்லிமீட்டர் சரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீர்மட்டம் தொட்டியின் ஒரு மூலையில் காட்டிக்கொடுத்துவிடும், ஒட்டிய சிலிக்கானின் மேலும் ஒருபக்கச் சுமை ஏறும். நான்கு போல்ட்டுகளையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகிக் குமிழி நடுவில் நிற்க ஒரு மணி நேரம் ஆனது. அதன் மேல் மரைன் பிளை, அதன் மேல் அரை அங்குலத் தெர்மகோல், பிறகு தொட்டி.

கண்ணாடியில் ஒரு விஷயம் குறிப்பிட வேண்டும். பாய் வலிமைக்காக டஃபன்டு கண்ணாடி போடலாம் என்றார். டஃபன்டு செய்த பின் துளையிட்டால் கண்ணாடி முழுவதும் நொறுங்கும் என்பதால், பின்பக்கக் கண்ணாடியைச் சாதாரண 12 மில்லிமீட்டரிலேயே எடுத்து, ஒட்டுவதற்கு முன் தரையில் படுக்க வைத்து, வைரத்தூள் பிட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மூன்று துளைகள் போடச் சொன்னேன். ஒவ்வொரு துளைக்கும் பன்னிரண்டு நிமிடம் ஆனது. பால்போல் வெள்ளையாக வழிந்த கண்ணாடிக் குழம்பு வற்றும்போதெல்லாம் பாயின் பையன் சொம்பில் மோந்து ஊற்றினான். மூன்றில் முதல் துளை, கேட் வால்வு பொருத்தி நீரை முழுக்குழாயாகச் சத்தமின்றிச் சம்புக்கு இறக்க. இரண்டாவது, மிச்சமாகக் கசியும் நீருக்கு. மூன்றாவது, முதலாவது அடைத்துக்கொண்டால் கூடம் நனையாமலிருக்க. இரண்டு துளையோடு நிறுத்தியவர்களும் நன்றாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு இரவில் தூக்கம் வேண்டும்.

சம்ப் 30 அங்குல நீளம், 15 அகலம், 16 உயரம். உள்ளே தடுப்புக் கண்ணாடிகளை 9 அங்குலத்தில் நிறுத்தினேன்; ஏனெனில் நான் தேர்ந்த புரோட்டீன் ஸ்கிம்மர் 8 அங்குல ஆழத்தில் நிலையாக நின்றால்தான் நுரையைச் சீராகத் தள்ளும், அதை ஓர் அங்குல அக்ரிலிக் துண்டின் மேல் உட்கார வைத்தால் கணக்கு சரியாகிவிடும். ஸ்கிம்மர், நீரில் நுண்குமிழிகளைச் செலுத்தி, கரிமக் கழிவை அந்தக் குமிழிகளின் மேல் ஒட்டவைத்து, கறுப்பு டிக்காஷன்போல் ஒரு கோப்பையில் சேர்க்கும் கருவி. தடுப்புகள் இருப்பதால் ஸ்கிம்மர் அறையின் நீர்மட்டம் மாறாது. ஆவியாகும் நீரின் இழப்பு முழுவதும் கடைசி அறையில், நீரைத் திரும்பத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் இடத்தில் தெரியும். அங்கேதான் தானாக நீர் சேர்க்கும் ஃபுளோட் சுவிட்ச்.

அந்தச் சுவிட்சுக்கு நீர் தரும் கேனை வேண்டுமென்றே 20 லிட்டரில் நிறுத்தினேன். சுவிட்ச் பழுதாகி மொத்தமும் உள்ளே போனாலும் உப்பளவு 35இலிருந்து 32.7க்குத்தான் இறங்கும், உயிரிகள் சங்கடப்படும், சாகா. 100 லிட்டர் டிரம் வைத்தால் வாரக்கணக்கில் கவலையில்லை என்று கடையில் சொன்னார்கள். ஒரே இரவில் 26 ஆகிவிடக்கூடிய உப்பளவை நினைத்தால் அந்த வசதி தேவையில்லை.

இனி, என் சொந்தத் தவறு. ஜூலையில் வெறும் குழாய்த்தண்ணீர் நிரப்பிக் கசிவுச் சோதனை செய்தேன். இரண்டு நாள் ஓடியது, ஒரு சொட்டுக் கசியவில்லை. மூன்றாம் நாள் காலை, மின்தடை வந்தால் என்னாகும் என்று பார்க்க மெயினை அணைத்தேன். ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குக் கீழே 4 அங்குலத்தில் இருந்தது. பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாகி, தொட்டி நீரைக் கீழே இழுக்கத் தொடங்கியது. இந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 13 லிட்டர். நான்கு அங்குலத்திற்கு 52, ஓவர்ஃபுளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருந்தது 5. சம்பில் மிச்சமிருந்த இடமோ 45 லிட்டர்தான். பன்னிரண்டு லிட்டர் நீர் கூடத்தில் பரவியது. அம்மா பழைய வேட்டிகளோடு வந்து ஒன்றும் பேசாமல் துடைக்க உட்கார்ந்தார். பேசியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்திற்கு ஓர் அங்குலம் கீழே கொண்டுவந்தேன். இப்போது மெயினை அணைத்தால் 18 லிட்டர் இறங்கி, சம்பின் மட்டம் இரண்டரை அங்குலம் ஏறி நின்றுவிடுகிறது. குழாயில் ஊசித்துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுபடும் என்பது வழக்கமான யோசனை. போட்டிருக்கிறேன், ஆனால் நம்பவில்லை. சிறு நத்தை ஒன்றோ, சுண்ணாம்புப் படிவோ அந்தத் துளையை அடைக்கப் போதும்.

நீர்தான் வேலூரில் அடுத்த தலைவலி. எங்கள் போர்வெல் நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவான டிடிஎஸ் 1,600ஐத் தொடுகிறது. வீட்டு ஆர்ஓ அதை 80 ஆக்கும்; குடிக்க அது போதும், பவளத் தொட்டிக்குப் பூஜ்யம் வேண்டும். மிஞ்சிய அந்த எண்பதுக்குள் நைட்ரேட்டும் சிலிகேட்டும் ஒளிந்திருந்தால் பாசிக்கு விருந்து. அதோடு, சமையலறை ஆர்ஓக்களில் சுவைக்காகக் கொஞ்சம் கச்சா நீரையோ தாதுவையோ திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கும்; அதை மூட வேண்டும். நான் தனியாக ஒரு மெம்பிரேன் தொகுதி வாங்கி, அதன் பின், மிஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்தேன். போர்வெல் நீரை ஊட்டினால் ரெசின் சில வாரங்களில் செத்துவிடும் என்பதால், மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரி கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைத்து அதை ஊட்டுகிறேன்; மெம்பிரேனுக்குப் பின் 12, ரெசினுக்குப் பின் 0. குளோரினை எடுக்க முன்னால் கார்பன் இருக்க வேண்டும், இல்லையேல் மெம்பிரேன் கெடும். கழித்துவிடும் நீர் வீடு துடைக்கப் போகிறது.

"ஏம்பா, காவேரித் தண்ணிய இவ்ளோ பாடுபட்டு வடிகட்டி, அதுல உப்ப அள்ளிக் கொட்றியே" என்று அம்மா கேட்டார். 290 லிட்டருக்கு 11 கிலோ செயற்கைக் கடலுப்பு போனது. சென்னைக் கரையிலிருந்து கடல்நீரைக் கேனில் கொண்டுவரலாம் என்று நண்பர்கள் சொன்னதுண்டு. 140 கிலோமீட்டர் சுமந்து வந்து, நகரத்துச் சாக்கடை கலக்கும் கரையோர நீரை வீட்டில் ஊற்ற எனக்கு மனமில்லை. உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்கிறேன். அதை வெறும் நீரில் பூஜ்யம் வைக்காமல், 35க்கான அளவுக் கரைசலில் சரிபார்ப்பது பிழையைக் குறைக்கும்.

பாறை, பவளம் பற்றிய சட்டத்தை அறியாமல் யாரும் இதில் இறங்கக் கூடாது. கடினப் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் அட்டைகள், கடற்குதிரைகள் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கடலிலிருந்து எடுத்த பவளப் பாறையை "லைவ் ராக்" என்று யாரேனும் நீட்டினால் கைகூப்பிவிட்டு வர வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கியதற்குப் பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தது ஒரு முக்கியக் காரணம். என் பாறைகளை நானே வார்த்தேன்: வெள்ளை சிமெண்ட், நொறுக்கிய கிளிஞ்சல், லாங்கு பஜாரில் வாங்கிய கல்லுப்பு, ஈர மணலில் குழி தோண்டி அதில் ஊற்றி, காய்ந்த பின் நீரில் போட்டால் உப்பு கரைந்து துளைகளாகும். சிமெண்டின் காரம் இறங்க, வாரம் ஒருமுறை நீர் மாற்றி எட்டு வாரம் ஊறவைத்தேன். மே மாதமே வார்த்ததால் பாறைக்காகக் காத்திருக்க நேரவில்லை. உயிரிகளில் பண்ணையில் பெருக்கிய மென்பவளங்களும் காளான் பவளங்களும் மட்டுமே. மீன்களில் ஒரு ஜோடிக் கோமாளி மீன். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கும் நுட்பம் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள ஆய்வு நிலையங்களில் கைவந்தது என்பதால், கடலில் பிடித்ததை வாங்க வேண்டியதில்லை.

இந்தத் தேர்வு கருவிகளையும் எளிதாக்கியது. மென்பவளங்களுக்குக் கடுமையான ஒளி வேண்டாம். 100 வாட் எல்இடி ஒன்றே மூன்றடிக்கு இரண்டடிப் பரப்புக்குப் போதும். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் 10 வாட் வேவ்மேக்கர் இரண்டு. மணிக்கு 3,000 லிட்டர் என்று அட்டையில் போட்ட ரிட்டர்ன் பம்ப், நாலேகால் அடி உயரம் ஏற்றும்போது பாதிதான் தருகிறது, அது போதும். 100 வாட் ஹீட்டர் ஒன்றையும் வாங்கினேன். வேலூரில் ஹீட்டரா என்று சிரித்தார்கள், ஆனால் மார்கழி விடியலில் வெளியே 18 டிகிரிக்கு இறங்கும் ஊர் இது.

மின்கணக்கு: இரண்டு மாதப் பில்லுக்கு, ரிட்டர்ன் பம்ப் 58 யூனிட், வேவ்மேக்கர்கள் 29, ஸ்கிம்மர் 26, விளக்கு 48, கோடையில் சில்லர் 166. மொத்தம் 327. வீட்டின் வழக்கமான 300க்கு மேல் இது ஏறும்போது 500 யூனிட் எல்லையைத் தாண்டி, கட்டண அடுக்கே மாறிவிடும். நான்கடித் தொட்டியை விட்டதற்கு இதுவும் காரணம். எல்லா இணைப்புகளும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வழியே போகின்றன. சில்லருக்குத் தனி ஸ்டெபிலைசர். வேவ்மேக்கர்களும் ரிட்டர்ன் பம்பும் மட்டும் இன்வெர்ட்டரில். சில்லரை இன்வெர்ட்டரில் சேர்த்தால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். மின்சாரம் இல்லாதபோது முதலில் தேவைப்படுவது ஆக்சிஜன், குளிர்ச்சி அதற்குப் பிறகுதான்.

ஆகஸ்டில் உப்புநீர் நிரப்பி, பாறைகளை வைத்து, அம்மோனியா சேர்த்து, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரவிட்டிருந்த நேரத்தில், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் 2 மணி வரை மின்தடை என்று அறிவிப்பு வந்தது. அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நோட்டோடு உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு நீர் 26.0, கூடம் 31. சந்தில் சில்லர் நின்றது, வேவ்மேக்கர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கு 26.5. பன்னிரண்டரைக்கு, கூடம் 33 ஆனபோது 27.0. இரண்டு மணிக்கு 27.5. மின்சாரம் வரப் பத்து நிமிடம் தாமதம். வந்த பின் சில்லர் கீழே கொண்டுவர இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது. நோட்டைத் திருப்பி மே மாதத்து எண்களைப் பார்த்தேன். கூடம் 37 ஆகும் நாளில் இதே ஐந்து மணி நேரம் நின்றால் 28.5ஐ ஒட்டி நிற்கும். கடையில் கோமாளி மீன் ஜோடிக்கு முன்பணம் கொடுக்க மறுநாள் போனேன்.